டெரியர் விழாவுக்குக் கலெக்டர் வந்த கதை

இப்படி வாங்க தம்பி, இந்த ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. பயப்படாதீங்க, இவரு கடிக்க மாட்டாரு. அந்தப் பூனைக் கூடையை மட்டும் சித்த தள்ளி வெச்சுக்கங்க. இவருக்குப் பூனைன்னா பயமெல்லாம் இல்லீங்க. மரியாதை. அவ்வளவுதான்.

டோக்கன் எத்தனை? பதினொண்ணுங்களா? அப்ப இன்னும் நேரமாகும். டாக்டர் உள்ள ஒரு பெரிய நாய்க்குப் பல்லு பாத்துட்டிருக்காரு. அது வாயைத் தொறக்க மாட்டேங்குது, டாக்டர் விடமாட்டேங்கறாரு.

இவரு பேருங்களா? கலெக்டர். ஆமாங்க, பேரே அதுதான். சிரிக்காதீங்க. குட்டியா வந்தப்ப காலையில வாக்கிங் கூட்டிட்டுப் போனா, ஒவ்வொரு வீட்டுக் கேட்டு முன்னாடியும் நின்னு, உள்ள எட்டிப் பாத்து, தலையை ஒரு ஆட்டு ஆட்டிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாரு. ஆய்வு பண்ற மாதிரியே இருக்கும். அதைப் பாத்துத்தான் வெச்சேன். ஜாக் ரஸ்ஸல் டெரியர். அசல். சர்டிபிகேட்டு இல்லீங்க, பொள்ளாச்சி சந்தையில ஒருத்தர் கூடையில வெச்சிருந்தாரு, சீமையிலருந்து வந்ததுன்னு அவரு வாயாலயே சொன்னாரு. வாலு கொஞ்சம் சுருண்டிருக்குதேன்னு பாக்கறீங்க. எல்லாரும் அதைத்தான் பாக்கறாங்க. நம்மூருத் தண்ணிக்கு அப்படி ஆயிருச்சுங்க.

வடவள்ளிப் பக்கம் ஒரு நாய் விழாவுல ரகளை ஆச்சுன்னு ஒரு வீடியோ உங்க போனுக்கு வந்திருக்குமே? வந்துச்சா? அதை நடத்துனது நாந்தானுங்க. சென்னியப்பன். மோட்டாருக்குக் காயில் கட்டற பட்டறை வெச்சிருந்தேன், இப்ப மருமகன் பாத்துக்கறாரு. அந்த வீடியோவுல என்னைப் பத்தி ஒருத்தன் பேசியிருக்கான் பாருங்க, ஃப்ராடு, நாலு பேரை ஏமாத்துனவன்னு, அது அத்தனையும் பொய். நடந்தது நடந்தபடி சொல்றேன், நீங்களே நாயத்தைச் சொல்லுங்க.

எங்க காலனிக்குப் பின்னாடி செலின் சிஸ்டர்னு ஒருத்தங்க இருக்காங்க. ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க. ஒரு காலி சைட்டை வாடகைக்குப் புடிச்சு, அடிபட்ட தெருநாய் எல்லாத்தையும் அங்க கொண்டாந்து வெச்சுப் பாத்துக்கறாங்க. கல்யாணம் காட்சி ஒண்ணும் பண்ணிக்கல. ஆடி மாசம் அடிச்ச காத்துல அந்தக் கொட்டகைக் கூரை பூராம் பறந்து போய் வாய்க்கால்ல விழுந்துருச்சு. ஒரு தார்ப்பாயைக் கட்டிக்கிட்டு ஓட்டிட்டிருந்தாங்க. ஐப்பசி மழை வந்தா தார்ப்பாய் நிக்குமுங்களா? அதுல பாதிக்கு மேல நடக்க முடியாத நாய்.

எனக்குத் தெருநாய்னா ஆகாதுங்க. உள்ளதைச் சொல்றேன். நான் டெரியர்காரன். எங்க ஏரியாவுல டெரியர் பிரியர்கள் சங்கம்னு ஒண்ணு வெச்சிருக்கோம், அதுக்கு நாந்தான் தலைவர். மெம்பர் நாலு பேரு. என்னோட சேத்தி. ஆனா அந்தம்மா ஒருநாள் எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு, "அண்ணா, மழைக்குள்ள ஒரு கூரை போட்டாகணும், உங்க சங்கம் ஏதாச்சும் பண்ணுமா?"ன்னு கேட்டுட்டாங்க. சங்கம்னு சொல்லிட்டாங்க பாருங்க. அதுவரைக்கும் யாரும் எங்களைச் சங்கம்னு சொன்னதில்லை. எங்கூட்டுக்காரி வசந்தாமணியே "உங்க நாலு பேரு"ன்னுதான் சொல்லுவா.

அப்பவே சொல்லிட்டேன். "கவலையை விடுங்க சிஸ்டர். ஒரு டெரியர் விழா நடத்துவோம். ஞாயித்துக்கிழமை. ஷாமியானா போட்டு, மைக்செட் வெச்சு, போட்டி எல்லாம் வெச்சு, வர்றவங்ககிட்ட உண்டியலை நீட்டுவோம். கூரை தானா ஏறிக்கும்."

அவங்க, "அப்ப எங்க புள்ளைங்களையும் கூட்டிட்டு வரட்டுமா?"ன்னாங்க.

"அது எதுக்குங்க? விழா டெரியருக்கு. உங்களுது பயனாளி"ன்னேன். தப்பா? பயனாளின்னு மரியாதையாத்தானுங்க சொன்னேன்.

என்னென்ன போட்டி தெரியுங்களா? பந்து எடுத்துட்டு வர்ற போட்டி. மாறுவேடம். நாயும் ஓனரும் ஒரே மாதிரி இருக்கற போட்டி. கடைசியா 'சிறந்த டெரியர்' கப்பு. கப்பு வாங்கப் போனப்ப கடைக்காரரு, பேரு வெட்டறதுன்னா இப்பவே வெட்டணும், அப்புறம் முடியாதுன்னுட்டாரு. சரின்னு கலெக்டர்னு வெட்டச் சொல்லிட்டேன். ஒரு அட்வான்ஸா. மத்த நாலு நாயையும் நான் பாத்திருக்கேனுங்க தம்பி. பல் டாக்டர் ஒருத்தர் நாய் இருக்குது, ஃபாக்ஸ் டெரியர், நாள் பூராம் தூங்கும். நகைக்கடைக்காரம்மாகிட்ட ரெண்டு இருக்குது, யார்க்‌ஷயர், கவுன் போட்டுட்டு ஹேண்ட்பேக்குலயே இருக்கும். அப்புறம் எங்க செயலாளரோடது ஒண்ணு, முடி கண்ணை மறைச்சு அதுக்கு உலகமே தெரியாது. இதுல யாருக்குக் கப்பு போகுமுன்னு நீங்களே சொல்லுங்க.

ஆக மொத்தம் அஞ்சு நாய். ஒரு மாசம் அலைஞ்சும் அஞ்சுக்கு மேல ஏறல. கோயமுத்தூர்ல டெரியர் வளத்தறவங்க கம்மிங்க. அஞ்சு நாயைப் பாக்க எவன் வருவான்? அப்பத்தான் நோட்டீஸ் அடிக்கலாம்னு போனேன்.

நோட்டீஸ்ல என்ன எழுதுனேன்னு வார்த்தை மாறாம சொல்றேன். "மாபெரும் டெரியர் விழா. அனைவரும் வருக. கலெக்டர் கலந்து கொள்கிறார்." இதுல பொய் எங்கங்க இருக்குது? இவரு கலந்துக்கிட்டாரா இல்லையா? வேணும்னா இவருகிட்டயே கேளுங்க.

பிரஸ்காரரு கேட்டாரு, "ஏனுங்கண்ணா, கலெக்டர் வர்றாருங்களா?"

"வர்றாரு."

"உறுதியாங்களா?"

"என்ற ஸ்கூட்டர்லயேதான் வர்றாரு"ன்னேன். அவரு சிரிச்சாரு. நான் தமாஷ் பண்றேன்னு நெனச்சுட்டாரு. நான் சத்தியமா உள்ளதைத்தான் சொன்னேன்.

"போட்டோ போட்டுருவோமுங்களா?"

"போட்டோ வேண்டாம்"னேன். ஏன் வேண்டாம்னேன்னா, ஃபிளாஷ் அடிச்சா இவரு கண்ணு செவப்பா விழும். வேற ஒண்ணும் இல்லீங்க. அப்புறம் எழுத்து என்ன சைஸுன்னு கேட்டாரு. மத்தது எப்படியோ போடுங்க, கலெக்டர்ங்கறதை மட்டும் தேங்கா சைஸுக்குப் போடுங்கன்னேன். பெத்த புள்ளை பேரைப் பெருசா போடறது ஒரு குத்தமுங்களா?

வசந்தாமணி நோட்டீஸைப் பாத்துட்டு ஒரே புடியா நின்னா. "ஏனுங்க மாமா, பக்கத்துலயே நாய்னு ஒரு வார்த்தை போட்டுருங்க. வம்பு வந்துரும்"னா. நீங்க படிச்சவரு மாதிரி இருக்கீங்க, சொல்லுங்க. கலெக்டர், பக்கத்துல அடைப்புக்குள்ள நாய். அப்படி ஊரெல்லாம் ஒட்டுனா என்ன ஆகும்? என்னைக் கொண்டு போய் உள்ள வெச்சிருவாங்க! ஒரு அதிகாரிக்கு அவமரியாதை வரக்கூடாதேன்னுதான் நாய்ங்கறதையே நான் போடல. நல்ல மனசுல பண்ணுனதுங்க. இதை யாரும் புரிஞ்சுக்க மாட்டேங்கறாங்க.

ஞாயித்துக்கிழமை காலையில ஏழரைக்கே நான் மைதானத்துக்குப் போயிட்டேன். கலெக்டரைக் குளிப்பாட்டி, கழுத்துல ஒரு போ டை கட்டி, ஸ்கூட்டர்ல முன்னாடி நிக்க வெச்சுக் கூட்டிட்டுப் போனேன். போனா, ஒரு பெரியவர் எனக்கு முன்னாடியே வந்து முதல் வரிசையில உக்காந்திருக்காரு. வெள்ளை வேட்டி, மஞ்சப்பை. காலுக்குக் கீழ ஒரு இரும்புக் கூண்டு, மேல சாக்கு போட்டு மூடியிருந்துச்சு. நான் என்ன நெனச்சேன்னா, ஆறாவது டெரியர் வந்துருச்சுன்னு.

"வாங்க, வாங்க. என்ன ஜாதிங்க?"ன்னு நாயைப் பாத்துக் கேட்டேன். அவரு மொறைச்சாரு. அப்புறம் பேரு நாச்சிமுத்துன்னாரு. தொண்டாமுத்தூருக்கு அந்தப் பக்கம் தோப்பாம். "கலெக்டர் எத்தனை மணிக்கு வருவாருங்க?"ன்னு கேட்டாரு.

"வந்துட்டாரு. சித்த நேரத்துல மேடை ஏறுவாரு"ன்னேன். இதுலயும் பொய் இல்லை.

எட்டரைக்கு ஒரு மினி பஸ் வந்து நின்னுச்சு. பொம்பளைங்க நாப்பது பேரு, ஆளுக்கொரு பிளாஸ்டிக் கொடத்தோட எறங்குனாங்க. அடேங்கப்பா, டெரியருக்குத் தண்ணி வைக்க எத்தனை பேரு பாருன்னு நெனச்சேன். ஒம்பது மணிக்கு மைதானத்துல எடமில்லை. எல்லாருக்கும் டெரியர்னா இவ்வளவு ஆசைன்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது. ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு பேப்பர் வேற. ஆட்டோகிராஃப் வாங்கறதுக்குன்னு நெனச்சுட்டேன்.

வசந்தாமணி கிட்ட வந்து, "மாமா, அது மனுவுங்க"ன்னா.

"எந்த மனு?"

"தண்ணி வரல, ரோடு போடல, பட்டா மாத்தல. கலெக்டர்கிட்டக் கொடுக்க வந்திருக்காங்க. வாங்க, இப்படியே பின்னாடி வழியா வீட்டுக்குப் போயிருவோம்"னா.

போறதுக்குள்ள வந்துட்டாங்க ஆர்.ஐ. அம்மா. ரெவென்யூ இன்ஸ்பெக்டருங்க. திலகவதின்னு பேரு. லீவு நாளு, பட்டுச்சேலை கட்டிட்டு, கையில ஒரு பூங்கொத்து. பாவம், "எங்க யாருக்கும் தகவலே வரலியே, திடீர் விசிட்டா சார்?"ன்னு மூச்சு வாங்கக் கேட்டாங்க. நான் என்னங்க சொல்ல முடியும்? "உக்காருங்க மேடம், டீ சாப்புடுங்க"ன்னு மேடையில உக்கார வெச்சுட்டேன்.

செலின் சிஸ்டரும் வந்தாங்க. நான் அத்தனை சொல்லியும் ஒண்ணைக் கையோட கூட்டிட்டு வந்துட்டாங்க. முக்காலின்னு அதுக்குப் பேரு. லாரியில அடிபட்டு முன்னங்கால் ஒண்ணு போயிருச்சு. செம்மண் கலரு, காது ஒண்ணு கிழிஞ்சிருக்கும். "இவ தனியா இருக்க மாட்டாண்ணா"ன்னாங்க. நகைக்கடைக்காரம்மா மூக்கைப் பொத்துனாங்க. அதனால நான், "சிஸ்டர், கோவிச்சுக்காதீங்க, ஷாமியானாவுக்குப் பின்னாடி சமையல் பாத்திரம் இருக்குது, அங்க உக்காந்துக்கங்க"ன்னேன். அவங்க முக்காலியோட கயித்தைப் புடிச்சுக்கிட்டாங்க. எந்திரிச்சுப் போயிட்டாங்க. அவங்க கூரைக்காகத்தான் விழாவே, அவங்க அங்க பாத்திரத்துக்கு நடுவுல உக்காந்திருந்தாங்க. நிழலு நல்லா இருந்துச்சுங்க அங்க.

சரின்னு நான் மைக்கைப் புடிச்சேன். இவ்வளவு கூட்டத்துக்கு முன்னாடி நான் பேசுனதே இல்லை தம்பி. பட்டறையில பேசுனா மோட்டார் சத்தத்துல எனக்கே கேக்காது. "பெரியோர்களே, தாய்மார்களே! டெரியர்ங்கறது சாதாரண நாய் இல்லை. மண்ணுக்குள்ள பூந்து எலியையும் பெருச்சாளியையும் வேட்டையாடறதுக்குன்னே பொறந்த வம்சம். எது அந்த வேலையைச் செய்யுதோ அதுதான் டெரியர்! செய்யாதது வெறும் நாய்!"னு ஒரு போடு போட்டேன். நாச்சிமுத்து ஐயா ஒருத்தர்தான் கை தட்டுனாரு. எந்திரிச்சு நின்னே தட்டுனாரு.

மத்தவங்க, "கலெக்டர் எங்க? கலெக்டர் எங்க?"ன்னு சத்தம் போட்டாங்க.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சுங்க. எத்தனை பேரு இவரைக் கேக்கறாங்க பாருங்க! அப்படியே இவரைத் தூக்கி, மாலை போட்டு, மேடைக்கு நடுவுல நிறுத்தி, "இதோ, கலெக்டர்!"னேன்.

 மைக்கு மட்டும் கொய்யின்னுச்சு. ஆர்.ஐ. அம்மா பூங்கொத்தை நீட்டுன கையோட அப்படியே நிக்கறாங்க. இவரு அதை மோந்து பாத்துட்டு, ஒரு ரோஜாவைக் கடிச்சாரு.

அப்புறம் கொடம் வெச்சிருந்த பொம்பளைங்கள்ல ஒருத்தி கேட்டா. "ஏய்யா, நாங்க அரை நாள் கூலியை விட்டுட்டு வந்திருக்கோம். நாயிகிட்டயா மனு கொடுக்கச் சொல்றே?"

அம்மிணி, கொடுக்கச் சொல்லி நான் எங்க சொன்னேன்? நோட்டீஸ்ல மனுன்னு இருக்குதா? இதைத்தான் நான் மைக்குல கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுன்னு வசந்தாமணி இன்னிக்கும் சொல்றா. முதல் கொடம் பறந்து வந்து மைக்செட் மேல விழுந்துச்சு. காலிக் கொடந்தானுங்க. தண்ணிக்குத்தானே அவங்க மனுவே.

ஆர்.ஐ. அம்மா என்கிட்டத் திரும்பி, பல்லைக் கடிச்சுக்கிட்டு, "சார், வேணும்னேதான் பண்ணீங்களா?"ன்னாங்க.

"மேடம், நோட்டீஸைப் பாருங்க. மாவட்டக் கலெக்டர்னு எங்கயாச்சும் போட்டிருக்குதா? மாவட்டம்ங்கற வார்த்தையே இல்லை!"

"அது இல்லைங்கறதுதான் சார் கேஸே!"

கூட்டம் மேடையைப் பாத்து வருது. நானு இவரைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டேன். எனக்கு அன்னிக்கு நல்ல அடி விழுந்திருக்கும் தம்பி. சொந்தக்காரங்க, ஒறம்பரை முன்னாடியெல்லாம் அடி வாங்கியிருப்பேன், மருமகன் முதல் வரிசையில உக்காந்திருந்தாரு. அந்தத் தள்ளுமுள்ளுல யாரோ ஒருத்தர் கால் பட்டு நாச்சிமுத்து ஐயாவோட இரும்புக் கூண்டு உருண்டுச்சு. சாக்கு விலகி, கதவு தொறந்துக்கிச்சு.

உள்ள என்ன இருந்துச்சு தெரியுங்களா? பெருச்சாளி. உரிக்காத தேங்கா அளவுக்கு ஒண்ணு. பெரியவரு தோப்புல பெருச்சாளி தொல்லை தாங்கல, தென்னங்குருத்தைத் தின்னுருது, வாய்க்கால் வரப்பையெல்லாம் ஓட்டை போட்டுருது. மனு எழுதி எழுதிப் பாத்துட்டு, ஆதாரத்தோடவே காட்டிரலாம்னு ஒண்ணை உசுரோட புடிச்சுக் கொண்டாந்திருக்காரு.

அது வெளிய வந்து ஒரு நிமிசம் யோசிச்சுது. அப்புறம் நேரா மேடைக்கு ஏறுச்சு.

அவ்வளவு கோவமா இருந்த சனம் அப்படியே பொளந்து வழி விட்டுருச்சுங்க. ஆர்.ஐ. அம்மா நாற்காலி மேல ஏறிட்டாங்க. செயலாளர் மேஜை மேல. நான் மைக்கைப் புடிச்சு, "பயப்படாதீங்க! நம்மகிட்ட அஞ்சு டெரியர் இருக்குது! விடுங்க எல்லாத்தையும்!"னு கத்துனேன்.

விட்டாங்க. பல் டாக்டர் நாய் கண்ணைத் தொறந்து பாத்துட்டு மறுபடியும் மூடிக்கிச்சு. நகைக்கடைக்காரம்மாவோடது ரெண்டும் ஹேண்ட்பேக்குக்குள்ள போயிருச்சுங்க, ஜிப்பை மட்டுந்தான் அதுங்களே போட்டுக்கல. செயலாளர் நாய் பெருச்சாளி இருக்கற திசைக்கு எதுத்தாப்புல போயி ஒரு பந்தல் காலைப் பாத்துக் கொலைச்சுது. கலெக்டரு... இவரு என்ன பண்ணுனாருன்னா, என்ற இடுப்புலருந்து குதிச்சு, என்ற வேட்டிக்குள்ள பூந்துக்கிட்டாரு.

எனக்குப் பாதுகாப்பு கொடுக்கத்தானுங்க. வீடியோவுல அதைப் போட்டுப் போட்டுக் காட்டறாங்க. ஒரு அதிகாரின்னா அவரே எறங்கி ஓடிப் புடிப்பாருங்களா? ஒரு எடத்துல இருந்து மேற்பார்வைதானே பாப்பாரு? கொஞ்சம் நடுங்குனாரு. அது கோவத்துல.

அப்பத்தான் ஷாமியானாவுக்குப் பின்னாடி பாத்திரம் உருள்ற சத்தம் கேட்டுச்சு. செலின் சிஸ்டர், "முக்காலி! ஏய், முக்காலி!"ன்னு கத்தறாங்க. கயித்தோட சேத்தி அந்தச் செம்மண் நாயி துணியைக் கிழிச்சுக்கிட்டு வருது. மூணு காலுங்க. நெசமாச் சொல்றேன், நாலு கால் இருக்கறது வீண்னு தோணுச்சு எனக்கு அன்னிக்கு. மேடையைச் சுத்தி ரெண்டு ரவுண்டு. பெருச்சாளி ஸ்பீக்கர் பொட்டிக்குக் கீழ போச்சு, இவ மூஞ்சியை உள்ள விட்டா. அது மேடைப் பலகைக்கு அடியில மண்ணைப் பறிச்சுக்கிட்டுப் போச்சு, இவளும் ஒத்தக் கையால மண்ணைப் பறிச்சுக்கிட்டு உள்ள போனா. வெளிய வாலு மட்டும் தெரியுது. பலகை ஆடுது. ஆர்.ஐ. அம்மா நாற்காலி ஆடுது. சனம் பூராம் மூச்சுப் புடிச்சுக்கிட்டு நிக்குது.

வெளிய வந்தா பாருங்க, வாயில அதைக் கவ்விக்கிட்டு. நேரா செலின் சிஸ்டர் காலடியில கொண்டு போய்ப் போட்டுட்டு, பக்கத்துல உக்காந்து மூச்சு வாங்குனா.

மைதானமே கை தட்டுச்சு. கொடத்தையெல்லாம் தட்டுனாங்க. முதல்ல கொடத்தை எறிஞ்சா பாருங்க, அந்தப் பொம்பளைதான் முதல்ல சிரிச்சா. சிரிச்சு சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துருச்சு அவளுக்கு. அதுக்கப்புறம் என்னை அடிக்கணும்னு யாருக்கும் ஞாபகமில்லை.

ஆர்.ஐ. அம்மா நாற்காலியை விட்டு எறங்கி, சேலையைச் சரி பண்ணிக்கிட்டு, "வந்த சனங்களைச் சும்மா அனுப்பக் கூடாது. ஒரு மேஜையைப் போடுங்க"ன்னாங்க. போட்டோம். மத்தியானம் வரைக்கும் உக்காந்து ஒவ்வொரு மனுவா வாங்குனாங்க. வசந்தாமணி பக்கத்துல உக்காந்து எழுதத் தெரியாதவங்களுக்கு எழுதிக் கொடுத்தா. லீவு நாளுல பட்டுச்சேலையோட அந்தம்மா பண்ணுன வேலை இருக்குதே, அதைப் பத்தி வீடியோவுல ஒரு வார்த்தை வரலீங்க. என்ற வேட்டிதான் வந்திருக்குது.

இதெல்லாங்கூடப் பரவாயில்லை தம்பி. என்ற மனசு நொந்தது எங்கன்னா, அந்தக் கப்பு. ஆர்.ஐ. அம்மாதானே சீஃப் கெஸ்ட்டு, பரிசு கொடுக்கச் சொன்னோம். கப்பைக் கையில எடுத்துக்கிட்டு நேரா செலின் சிஸ்டர்கிட்டப் போறாங்க.

நான் ஓடிப்போய், "மேடம், மேடம், இது டெரியருக்கு மட்டும். அது தெருநாய்"ன்னேன்.

"எலி புடிக்கறதுதான் டெரியர், மத்தது வெறும் நாய்னு நீங்கதானே சார் மைக்குல சொன்னீங்க?"

"அது பொதுவாச் சொன்னதுங்க."

"நானும் பொதுவாத்தான் கொடுக்கறேன்"ன்னுட்டாங்க. முக்காலி கழுத்துல என்ற மாலை. கலெக்டருக்குன்னு வாங்குன மாலைங்க! கப்புல கலெக்டர்னு பேரு வெட்டியிருக்குது, அதை அழிக்கவும் முடியாது. இதை நான் எங்க போய்ச் சொல்றது? எந்த ஆபீஸ்ல மனு கொடுக்கறது?

உண்டியல்ல என்ன விழுந்துச்சுன்னு கேக்காதீங்க. மனு கொடுக்க வந்தவங்க உண்டியல்ல என்னத்தைப் போடுவாங்க? ரெண்டு மனு விழுந்திருந்துச்சு.

செலின் சிஸ்டர் எல்லாரும் போன பொறகு ஷாமியானா மடிக்கறதுக்குக் கூடமாட நின்னுட்டிருந்தாங்க. ஒரு வார்த்தை கொறை சொல்லல. "பரவாயில்லைண்ணா, தார்ப்பாயை இன்னும் இறுக்கிக் கட்டிக்கறேன்"ன்னாங்க. வானத்துல அப்பவே மேகம் திரண்டுருச்சு. எனக்கு அவங்க மூஞ்சியைப் பாக்க முடியல. வெயிலு கண்ணுல அடிச்சுது.

அப்பத்தான் நாச்சிமுத்து ஐயா மஞ்சப்பையோட வந்து நின்னாரு. போகவே இல்லை மனுசன். "அம்மிணி, இந்த நாயை ஒரு வாரத்துக்கு என்ற தோப்புக்கு அனுப்பி வைப்பியா?"ன்னாரு.

"இவளைத் தனியா அனுப்ப மாட்டேங்கய்யா. நானும் வருவேன். இவளாட்டம் இன்னும் ரெண்டு இருக்குது, அதுங்களும் வரும்."

"வரட்டும் சாமி, எல்லாமே வரட்டும். மூணு வருசமா அழுதுட்டிருக்கேன். உனக்கு நான் என்ன செய்யோணும்?"

அவங்க வாயைத் தொறக்கறதுக்குள்ள நான் சொல்லிட்டேன். "கூரை. கூரை போட்டுக் குடுங்க." சங்கத் தலைவர்ங்கற முறையிலதானுங்க சொன்னேன்.

அவரு கோழிப்பண்ணை வெச்சிருந்து எடுத்துட்டவரு. பிரிச்ச தகரம் அத்தனையும் தோப்புல அடுக்கிக் கெடக்குதாம். அஞ்சு நாளுல தோப்பு சுத்தமாச்சு. ஆறாவது நாளு ஒரு டிராக்டர்ல தகரம், இரும்புக் கம்பி, வேலைக்கு ஆளு எல்லாம் வந்து எறங்குச்சு. போல்ட்டு முடுக்கறதுக்குப் பட்டறையிலருந்து நான் ஸ்பேனர் செட்டைக் கொண்டு போனேன். ரெண்டு நாளுல மூடிட்டோம். மூணாம் நாளு சாயங்காலம் புடிச்சுது பாருங்க மழை. வானம் ஓட்டையான மாதிரி.

நான் கூரையைப் பாக்கத்தான் போனேனுங்க. போல்ட்டு முடுக்குனது நானாச்சே, ஒழுகுதான்னு பாக்கோணுமல்ல? அஞ்சு நிமிசம் பாத்துட்டு வந்துரலாம்னு கலெக்டரைக் கூட்டிட்டுக் கொடையோட போனேன். தகரத்து மேல மழை அடிச்சா உள்ள பேசுனா கேக்காது, அப்படிச் சத்தம். ஒரு சொட்டு ஒழுகல. நாய் அத்தனையும் காஞ்ச தரையில படுத்துக்கிட்டு மேல பாத்துட்டிருக்குதுங்க, என்னடா இது நனையலியேன்னு. அந்தக் கப்புல தண்ணி ஊத்தி வெச்சிருக்காங்க, வரிசையா வந்து குடிக்குதுங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது. ஒண்ணு வந்து என்ற செருப்பு மேல தலையை வெச்சுப் படுத்துருச்சு. எந்திரிச்சா அது முழிச்சுக்குமேன்னு ரெண்டு மணி நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். கால் மரத்துப் போனதாலதானுங்க. மத்தபடி எனக்கும் அதுங்களுக்கும் என்ன இருக்குது? பேருகூடத் தெரியாது.

அது பவுடரு. செருப்பு மேல படுத்தது. தோல் வியாதிக்கு மருந்து பூசி வெள்ளையா இருக்கும், அதனால பவுடரு. அதுக்குத்தான் இப்ப ஊசி கேக்கோணும். கண்ணாயிரத்துக்கு ஒத்தக் கண்ணுதான், அதுலயும் தண்ணி வடியுது. சட்டாம்புள்ளைக்கு இடுப்பு எந்திரிக்கல, வண்டி மாதிரி சக்கரம் வெச்சுக் கட்டலாம்னு சொல்றாங்க, நான் பட்டறையில ஒண்ணு பண்ணிட்டிருக்கேன், அளவு சரியான்னு டாக்டர்கிட்டக் காட்டோணும். இதோ பையில இருக்குது பாருங்க, சைக்கிள் பேரிங்கு. ராசாத்தி நாலு நாளா சோறு திங்கறதில்லை. மூணு குட்டி புதுசா வந்திருக்குது, அதுங்களுக்கு இன்னும் பேரு வைக்கல, நானே வைக்கட்டும்னு சிஸ்டர் விட்டு வெச்சிருக்காங்க.

இவருக்குங்களா? இவருக்கு ஒண்ணுமில்லையே. நல்லாத்தான் இருக்காரு. சும்மா கூட வந்திருக்காரு, விசிட்டு.

கூப்புடறாங்களா? என்ற டோக்கனா? தம்பி, நீங்க முதல்ல போயிட்டு வாங்க. இல்லீங்க, பரவாயில்லை, போங்க. உங்களுது ஒரே ஒரு பூனை. எனக்கு முப்பத்திநாலு இருக்குதுங்க.